உறவே முதலாக: மாக் மண்டின் வட்டாரத்தில் தரகை நம்பித் தொடங்கிய காப்புறுதி முகவர்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் தோட்டம், தொழிற்சங்கம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகிய நான்கு களங்களை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. பால்மரம் சீவியவரும் தண்டவாளம் பதித்தவரும் பள்ளி நடத்தியவரும் அவ்வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளனர். ஆயின், கைப்பையும் பற்றுச்சீட்டுப் புத்தகமுமாக மாலை வேளைகளில் வீடு வீடாகச் சென்ற காப்புறுதி முகவர் அவ்வரலாற்றில் ஏறக்குறைய இடம்பெறவே இல்லை. அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. அமர்ந்து பணியாற்றத் தனியிடம் இல்லை. விற்றால் மட்டுமே வருவாய் உண்டு. பேச்சு வழக்கில் கமிஷன் என்றும் எழுத்து வழக்கில் தரகு என்றும் வழங்கும் அத்தொகையை மட்டுமே நம்பி ஒருவர் தொழில் தொடங்குவது எங்ஙனம் இயன்றது? அவர் எதனை முதலாக இட்டார்? அம்முதல் அழிந்தபோது இழப்பு யாரைச் சேர்ந்தது?

இவ்வினாக்களுக்கு, பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், பட்டர்வொர்த் நகரை ஒட்டியுள்ள மாக் மண்டினைக் களமாகக் கொண்டு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. தனியொரு முகவரின் வாழ்க்கை வரலாறு ஈண்டுக் கூறப்படவில்லை. அத்தொழிலின் அமைப்பையும், அது வேரூன்றிய சமூகச் சூழலையுமே நாம் நோக்குகிறோம்.

தரகு என்னும் பழைய வழி

ஆள் கணக்கில் வருவாய் பெறும் முறை மலாயாத் தமிழர்க்குப் புதியதன்று. புரோவின்ஸ் வெல்லெஸ்லி என அன்று அழைக்கப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே வளர்ந்திருந்த கங்காணி முறை 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்யும் வரை நீடித்தது.

கங்காணி தம் சொந்த ஊருக்கே சென்று, தம் உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். கொண்டுவந்த ஆளுக்கு ஒரு தொகையும், அவ்வாள் வேலைக்கு வந்த நாளுக்குச் சிறு காசும் அவருக்குக் கிடைத்தன. பின்னதனை ஆங்கில ஆவணங்கள் தலைப்பணம் எனப் பொருள்படும் தொடரால் குறிக்கின்றன. கங்காணியின் வாக்கை ஊரார் நம்பியதற்கு அவர் துரையின் ஆள் என்பது மட்டும் காரணமன்று. அவர் தம் ஊர்க்காரர் என்பதும் காரணமாகும். உறவின் மீது பிறந்த நம்பிக்கை இங்ஙனம் கணக்கில் ஏறி வருவாயாயிற்று.

காப்புறுதி முகவரைக் கங்காணியோடு ஒப்பிடுவது ஓரளவுக்கே பொருந்தும். கங்காணிக்கு அதிகாரம் இருந்தது. முன்பணத்தால் தொழிலாளரைக் கட்டி வைக்கவும் அவரால் இயன்றது. முகவருக்கோ இரண்டும் இல்லை. மாமன் வேண்டாம் என்று தலையசைத்தால் அவர் காலணியை மாட்டிக்கொண்டு திரும்ப வேண்டியவரே. எனினும், உறவே முதல் சந்தை என்னும் கூறு இருவர்க்கும் பொதுவாக அமைந்தது. இதனை மனத்திற்கொண்டே பின்வரும் செய்திகளை நோக்குதல் வேண்டும்.

காப்புறுதிக்கு முந்திய காப்புகள்

காப்புறுதி வருவதற்கு முன் நம் மக்கள் இடருக்கு எதுவும் சேர்த்து வைக்கவில்லை என்று கருதுவது பிழையாகும். நகை ஒரு காப்பு. வளர்த்த பசுவும் ஒரு காப்பு. பலர் கூடி மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் கூட்டு மற்றொரு காப்பு. இக்கூட்டு இந்நாட்டில் எந்த அளவுக்குப் பரவியிருந்தது என்பதற்கு, அதனைத் தடைசெய்ய 1971இல் இயற்றப்பட்ட சட்டம் அத்தமிழ்ச் சொல்லையே தன் பெயரில் ஏற்றிருப்பது சான்றாகும். இறப்பு நேர்ந்த வீட்டுக்கு உடனடியாகப் பணம் தரும் மரண சகாய நிதிகளைச் சங்கங்கள் பல நடத்தின. 1951இல் ஊழியர் சேமநிதி தொடங்கப்பட்டது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளரின் சிறு தவணைகளைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிற்று.

இவற்றுள் கூட்டும் சகாய நிதியும் அறிந்த முகங்களுக்குள் நடப்பவை. சேமநிதியோ சேர்த்த அளவுக்கே பயன் தரும். இளவயதில் குடும்பத் தலைவர் இறந்தால் அங்கே இருப்பது சிறுதொகைதான். முதல் தவணை கட்டியவர் மறுமாதமே இறந்தாலும் முழுத்தொகை தருவோம் என்பதே ஆயுள் காப்புறுதி கூறிய புதுமை. அவ்வுறுதியைத் தந்தது ஊரார் முகம் அறியாத ஒரு நிறுவனம். அந்நிறுவனத்துக்கு ஒரு முகத்தைத் தருவதே முகவரின் பணியாக அமைந்தது.

நிறுவனங்களும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. சுதேசி இயக்கக் காலத்தில், 1906இல், சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது. பின்னாளில் அதனை நடத்திய மு. சிதம்பரம் செட்டியாரே 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியையும் நிறுவியவர். சிங்கப்பூரில் 1908இல் கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1954இல் மலாயாவின் கூட்டுறவு இயக்கம் தனக்கென ஒரு காப்புறுதிச் சங்கத்தை அமைத்துக்கொண்டது, எம்.சி.ஐ.எஸ். என நாம் அறிவது அதுவே. ஆயினும், தொடக்கக் காலத்தில் பத்திரம் எடுத்தவர் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெற்ற கிராணிமார், ஆசிரியர், அரசு ஊழியர் ஆகியோரே. நாட்கூலியில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்குத் தவறாத தவணை என்பது எட்டாத ஒன்றாக இருந்தது.

மாக் மண்டின்: மாதச் சம்பளம் வந்த இடம்

இந்நிலையை மாற்றியது தொழிற்சாலை. பினாங்கின் முதல் தொழிற்பேட்டைகளுள் ஒன்று 1960களில் மாக் மண்டினில் உருவானது. 1969இல் பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வணிகத்தை நம்பியிருந்த மாநிலம் உற்பத்தித் தொழிலை நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று. 1972இல் தீவின் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியது. பெருநிலத்தில் மாக் மண்டினும் பிறையும் ஆலைகளால் நிறைந்தன.

இதே காலத்தில் தோட்டத்தை விட்டு வெளியேற நேர்ந்த குடும்பங்கள் நகரை நாடின. 1950களிலும் 1960களிலும் நடந்த தோட்டத் துண்டாடலும், 1968ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியதும் அவ்வெளியேற்றத்தை விரைவுபடுத்தின. துறைமுகத்தையும் இரயில்வேயையும் சார்ந்து பாகான் டாலாமில் ஏற்கெனவே தமிழர் வாழ்ந்தனர். மாக் மண்டினிலும் தமிழ்க் குடும்பங்கள் நிலைபெற்றன. அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியும் இயங்கி வருகிறது.

தோட்டத்தில் லயத்து வீடும் மருந்தகமும் பிள்ளைக் காப்பகமும், எத்துணைக் குறைபாடுடையன ஆயினும், வேலையோடு சேர்ந்து வந்தன. நகரத்தில் சம்பளம் மட்டுமே வந்தது. வாடகை, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி அனைத்தும் குடும்பத்தின் பொறுப்பாயின. குடும்பத் தலைவர் இறந்தால் திரும்பிச் செல்ல லயமும் இல்லை. மாதச் சம்பளம், நிலையான முகவரி, தனித்து நிற்கும் குடும்பத்தின் அச்சம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் காப்புறுதி முகவருக்கு வேலை பிறந்தது.

அவ்வேலைக்கு ஏற்ற வடிவமும் உலகில் முன்னரே உருவாகியிருந்தது. 1848இல் இலண்டனில் தோன்றிய புருடென்ஷியல் நிறுவனம், 1854 முதல் உழைக்கும் மக்களின் வீடுகளுக்கே சென்று வாரச் சில்லறையைத் திரட்டும் முறையைக் கையாண்டது. அதன் வழிவந்த வீட்டுச் சேவைப் பத்திரங்கள் இந்நாட்டிலும் விற்கப்பட்டன. முகவர் மாதந்தோறும் வந்து சந்தாவைப் பெற்று, வீட்டாரிடம் உள்ள புத்தகத்தில் கையொப்பமிட்டுச் செல்வார். 1996ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம் இவ்வகைப் பத்திரத்துக்குத் தனி வரையறையே தந்தது.

முதல் ஆண்டின் கணக்கு

இனி, புதிதாகத் தொடங்கும் ஒருவரின் நிலையைக் கருதுவோம். அவர் நிறுவனத்தோடு செய்துகொள்வது முகவர் ஒப்பந்தம். அது வேலை ஒப்பந்தம் அன்று. ஆகவே முதலாளி செலுத்தும் சேமநிதிப் பங்கு அவருக்கு இல்லை. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பும் ஊழியர் அல்லாத அவரைச் சாரவில்லை. சுயதொழில் செய்வோர்க்கான தனிச்சட்டம் 2017இல்தான் வந்தது. அதுவும் வாடகை வண்டி ஓட்டுநரிடம் தொடங்கிப் படிப்படியாகவே விரிந்தது. பிறர்க்குக் காப்பு விற்றவர் நெடுங்காலம் காப்பின்றியே நடந்தார் என்பது இத்தொழிலின் முதல் முரண் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கினைப் போட்டுப் பார்க்கலாம். இது எந்த நிறுவனத்தின் விகிதமும் அன்று. மாதம் 40 ரிங்கிட் சந்தாவுள்ள ஒரு பத்திரத்தில் முதலாண்டுத் தரகு நான்கில் ஒரு பங்கு எனக் கொண்டால், முகவருக்கு மாதம் 10 ரிங்கிட் சேரும். மாதம் 600 ரிங்கிட் பெற அவருக்கு 60 பத்திரங்கள் வேண்டும். வாரத்துக்கு இரண்டு வீதம் விற்றாலும் அந்நிலையை எட்ட 30 வாரங்கள் ஆகும். அதுவரை மோட்டார் சைக்கிள் எண்ணெய், தொலைபேசி, தீவில் உள்ள அலுவலகத்துக்குச் செல்லும் ஃபெரிக் கட்டணம் எல்லாம் கைப்பணமே. முதலாண்டில் மிகுதியாகவும் பின்வரும் ஆண்டுகளில் குறைவாகவும் தரகு வழங்கப்படுவதால், பழைய பத்திரங்களை மட்டும் நம்பி அவர் ஓய்ந்திருக்கவும் இயலாது.

யாரிடம் விற்பது? புதியவரிடம் முதலில் அறிந்தோர் பட்டியலை எழுதச் சொல்வது இத்தொழிலின் நெடுநாள் வழக்கம். திருமண அழைப்புக்கு எழுதும் பட்டியலும் அதுவும் ஏறக்குறைய ஒன்றே: பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, சம்பந்தி, பள்ளித் தோழர், கோயில் திருவிழாவில் உடன் நிற்பவர். ஒரு குடும்பத்துக்கு நெருங்கிய உறவு வீடுகள் அறுபது இருந்தால் அது பெரிய சுற்றம். வருவாய் நிலைபெறத் தேவைப்படும் எண்ணும் உறவு தீரும் எண்ணும் மேற்கண்ட கணக்கில் ஒன்றாகவே வந்து நிற்பதைக் காண்க. உறவு தீர்ந்தபின் அறியாதவரிடம் விற்கக் கற்றவர் நிலைத்தார். கல்லாதவர் தொழிலை விட்டார்.

உறவினரிடம் விற்பதும் எளிதன்று. விளக்கு வைத்த நேரத்தில் வீட்டுக்குள் வந்து, “மாமா, உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா…” என்று தொடங்குவது அமங்கலம். ஆதலின் இறப்பைப் பேச வேண்டியவர் பிள்ளையின் படிப்பைப் பேசினார். மகளின் திருமணத்தைப் பேசினார். காப்பைவிடச் சேமிப்பை முன்னிறுத்தும் பத்திரங்கள் நம்மவரிடையே விரும்பப்பட்டமைக்கு இத்தயக்கமும் ஒரு காரணம் எனலாம். ஆனால் சேமிப்பு மிகுந்த பத்திரத்தில் அதே சந்தாவுக்கு இறப்புக்காப்பு குறைவு. மங்கலம் கருதிய பேச்சின் விலையைச் சில குடும்பங்கள் பின்னரே உணர்ந்திருக்கக் கூடும்.

தயங்கும் உறவினரின் முதல் தவணையை முகவர் தம் கையிலிருந்தே கட்டுவதும் உண்டு. தரகில் பங்கு தருவதை இந்தியாவில் 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடைசெய்தது. சட்டம் தடுக்க வேண்டிய அளவுக்கு அவ்வழக்கம் பரவியிருந்தது என்பது இதனால் புலப்படும். அது பெரும்பாலும் பேராசையால் செய்யப்பட்டதன்று. மாத இறுதிக்குள் விற்பனை எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய நெருக்கடியிலும் உறவினரின் முகத்தை முறிக்க மாட்டாத நிலையிலும் செய்யப்பட்டது. காப்புறுதியைத் தொடங்கி வைக்க முகவர் கடன்பட்டார்.

தலைப்பணத்தின் மறுவடிவம்

முகவர்க்கு மேல் ஒரு தலைவர், அவர்க்கு மேல் மற்றொரு தலைவர் எனப் படிநிலை அமைந்திருப்பது இத்தொழிலின் மற்றொரு கூறு. தாம் சேர்த்த முகவர் விற்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் தலைவருக்கு ஒரு பங்கு சேரும். பயிற்சி தருவதற்கும் வழிநடத்துவதற்கும் உரிய ஊதியம் அது என்பது முறையான விளக்கம். நல்ல தலைவர் அதனை உழைத்தே பெற்றார். புதியவரோடு வீடுதோறும் நடந்தார். படிவம் நிரப்பக் கற்றுக் கொடுத்தார். ஆயின், ஆள் சேர்ப்பதே வருவாய் ஆகும்போது, தகுதி நோக்காது சேர்ப்பதற்கும் வழி திறந்துவிடுகிறது. சேர்ந்தவர் ஓராண்டில் விலகினாலும் அவர் தம் சுற்றத்தாரிடம் விற்ற பத்திரங்கள் கணக்கில் ஏறிவிடுகின்றன. கங்காணியின் தலைப்பணத்தை நாம் முன்னர் நினைவுகூர்ந்தது இதன் பொருட்டே.

முகவர் விலகியபின் அப்பத்திரங்களின் நிலை யாது? நிறுவனம் வேறொருவரிடம் அவற்றை ஒப்படைக்கலாம். ஆனால் அவருக்கு அதில் கிட்டும் தரகு சிறிது, உறவும் இல்லை. வீட்டுக்கு வந்து சந்தா வாங்குவார் இல்லாதபோது தவணை தவறுகிறது, பத்திரம் காலாவதியாகிறது. மரபான ஆயுள் பத்திரங்களில் பொதுவாக மூன்று ஆண்டுச் சந்தா கட்டிய பின்னரே திரும்பப் பெறும் மதிப்பு உண்டாகும். அதற்கு முன் விட்டவர்க்குக் கட்டிய பணம் போனதுதான். இழந்தவர் நிறுவனத்தை அறியார். அவர் அறிந்தது தம்பி மகனை மட்டுமே. எனவே கசப்பு முழுதும் உறவின்மேல் விழுந்தது. முகவர் தொழிலில் முதலாக இடப்பட்டது அவருடைய பணமன்று, சுற்றத்தாரின் நம்பிக்கை என்று நாம் கூறுவது இதனாலேயே. அம்முதலுக்கு அவர் மட்டும் உரிமையாளர் அல்லர்.

இறப்பு வீட்டில் முகவர்

இதன் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. தொழிலில் நிலைத்த முகவரின் தகுதி அறியப்பட்டது இறப்பு நேர்ந்த வீட்டில்தான். இறப்புச் சான்றிதழ் பெறுவது, மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள படிவங்களை நிரப்புவது, அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் பிறப்புப் பத்திரத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட பெயர் ஒருவரையே குறிக்கும் என மெய்ப்பிப்பது ஆகியவை தமிழ் மட்டுமே அறிந்த ஒரு கைம்பெண்ணுக்கு மலையாகத் தோன்றும். முகவர் அவருக்கு எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் நின்றார்.

அதனினும் முக்கியமானது பெயர் குறிப்பிடும் பகுதி. கணவர் தம் மனைவியையோ பிள்ளைகளையோ உரிமையாளராகக் குறித்திருந்தால் அப்பணம் அவர்களுக்கான அறக்கட்டளையாகக் கருதப்படும். இறந்தவரின் கடன்காரர்க்கு அதில் உரிமையில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் இதனை உறுதிசெய்தது. அதற்குப் பின் வந்த 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டமும் அதனைத் தொடர்ந்தது. அப்பகுதி வெறுமையாக விடப்பட்டிருந்தால் குடும்பத்தார் பணத்தைப் பெறுவதற்குச் சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திருக்க நேரிடலாம். கடன்பட்டு இறந்தவரின் வீட்டில், முகவர் பத்து நிமிடம் கூடுதலாக அமர்ந்து அப்பகுதியை நிரப்பினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே பிள்ளைகளின் படிப்பு அமைந்தது எனின் அது மிகையன்று.

முறைப்படுத்தலும் ஆசிரியரும்

இத்தொழிலை முறைப்படுத்தும் முயற்சி 1963ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தில் தொடங்கியது. 1988இல் மேற்பார்வைப் பொறுப்பு பேங்க் நெகாராவிடம் வந்தது. முகவராக விரும்புவோர் முன்தேர்வு எழுத வேண்டும் என்னும் விதியும், பத்திரம் பெற்றவர் 15 நாள்களுக்குள் அதனைத் திருப்பித் தந்து பணத்தை மீட்கலாம் என்னும் உரிமையும் வழக்கிற்கு வந்தன. இவை அறியாமையால் விளையும் தீங்கைக் குறைத்தன. உறவை மறுக்க மாட்டாமல் இடும் கையொப்பத்தை எந்தத் தேர்வும் தடுக்க இயலாது.

இங்கே ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பகுதிநேரமாக இத்தொழிலில் இறங்கியோருள் ஆசிரியரும் இருந்தனர். அரசு ஊழியர் வெளிவேலை செய்ய முன்அனுமதி பெற வேண்டும் என 1993ஆம் ஆண்டு நடத்தை, கட்டொழுங்கு விதிகள் கூறுகின்றன. அனுமதி பெற்றாலும் ஒரு வினா எஞ்சுகிறது. பெற்றோர் ஆசிரியர்மேல் வைக்கும் மதிப்பு பள்ளியில் பல தலைமுறைகளாகச் சேர்ந்தது. “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கையொப்பமிடும் தந்தை, பத்திரத்தைப் படித்துப் பார்ப்பதில்லை. அவ்விடத்தில் ஆசிரியர் முதலாக இடுவது தம் ஒருவரின் நற்பெயரை அன்று, பள்ளியின் பெயரை.

முடிவுரை

மாக் மண்டின் போன்ற தொழிற்பேட்டை வட்டாரங்களில் தரகை மட்டும் நம்பித் தொடங்கிய காப்புறுதி முகவர், தோட்டத்தின் காப்பை இழந்து நகரத்தில் தனித்து நின்ற குடும்பத்துக்கும் முகமறியா நிறுவனத்துக்கும் இடையே நின்றவர் ஆவார். அவர்தம் முதல் உறவினரின் நம்பிக்கை. நிலைத்தவர் அதனைக் காத்தார். விலகியவருடைய இழப்பில் அவர் சுற்றமும் பங்குகொண்டது. ஆள் கணக்கில் ஊதியம் தரும் முறை அந்நம்பிக்கையின் விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதே இவ்வாய்வால் நாம் பெறும் முடிபு.

இவ்வரலாற்றுக்கான சான்றுகள் நூலகங்களில் இல்லை; அலமாரியின் அடித்தட்டில், பிறப்புப் பத்திரங்களோடு ஒரே உறையில் கிடக்கின்றன. பழைய சந்தாப் புத்தகங்கள், காலாவதியான பத்திரங்கள், முகவர்களின் நாட்குறிப்புகள் ஆகியன தமிழர் இல்லங்களின் வரவுசெலவையும் அச்சங்களையும் உறவுகளையும் ஒருங்கே காட்ட வல்லவை. வீடு மாறும்போது முதலில் எரிக்கப்படுவனவும் அவையே. மாணவர்கள் தம் வீட்டுப் பெரியோரிடம் அவற்றைக் கேட்டுப் படியெடுத்து வைக்க ஆசிரியர்கள் வழிகாட்டுவார்களாயின், எழுதப்படாத இப்பகுதியை எழுதுவதற்கு அதுவே தொடக்கமாக அமையும்.